முதலாளிக்குச் சங்கம் உண்டு

கோட்டக்குப்பத்தில் ஒருவர் "நான் கவுன்சிலர்" என்று சொன்னால், டீ ஆற்றிக்கொண்டிருக்கும் பாய் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கேட்பார்: "எந்த வார்டு?" அவர்மேல் தப்பில்லை. 2021-ல் எங்கள் பேரூராட்சி நகராட்சியானது. மறு வருஷம் பிப்ரவரியில் தேர்தல் வந்தது. அன்றிலிருந்து தெருவுக்கொரு கவுன்சிலர், கவுன்சிலருக்கொரு பிளெக்ஸ்.

எங்கள் எதிர்வீட்டுப் பெண்ணும் கவுன்சிலர்தான். உளவியலில் முதுகலை முடித்து, அதற்குமேல் ஒரு பட்டயமும் வாங்கி, அரசு ஆஸ்பத்திரி ஒன்றில் மனநல ஆலோசகராக இருக்கிறார். ஒருநாள் பாயிடம் விளக்கிப் பார்த்தார். "நான் அந்தக் கவுன்சிலர் இல்ல பாய். மனசு சரியில்லாம வர்றவங்களை உக்கார வச்சுப் பேசுவேன்."

பாய் கிளாசைக் கழுவியபடியே யோசித்தார். "அதைத்தாம்மா நானும் முப்பது வருஷமா பண்றேன். கூட டீயும் தர்றேன். எனக்கு அன்னன்னிக்கே காசு வந்துடுது. உனக்கு?"

அந்தப் பெண் சிரித்து மழுப்பினார். மூன்று மாதமாகச் சம்பளம் வரவில்லை என்பதை டீக்கடையில் வைத்தா சொல்வது?

வார்டு கவுன்சிலருக்குப் பதவிக்காலம் ஐந்து வருஷம். இவருக்குப் பதினோரு மாதம். அவருக்குக் கட்சி உண்டு, கட்சிக்குத் தொழிற்சங்கம் உண்டு, தொழிற்சங்கத்துக்கு ஆட்டோ ஸ்டாண்டு வரைக்கும் கொடிக்கம்பம் உண்டு. இவருக்கு இருப்பது கழுத்தில் தொங்கும் ஓர் அட்டை. எந்த மாவட்டம், எந்த ஆஸ்பத்திரி என்று நான் எழுதப்போவதில்லை. எழுதினால் எனக்கு ஒன்றும் ஆகாது. நான் தபால் ஆபீசில் முப்பத்தோரு வருஷம் முத்திரை குத்தி ஓய்வு பெற்றவன், பென்ஷன் வருகிறது. அந்தப் பெண்ணுக்குத்தான் ரெனியூவல் போய்விடும்.

ரெனியூவல் என்ற இந்தச் சொல் இருக்கிறதே, தமிழ்நாட்டின் பொதுச் சுகாதாரத்தில் மிக அதிகம் மிரட்டும் சொல் அதுதான். அதற்கு வருமுன் ஒரு கேள்வி. இவருக்கு வேலை கொடுத்தது யார்? அரசாங்கம் என்று சொன்னால் நீங்கள் வெகுளி. நியமன ஆணையின் தலைப்பைப் படித்துப் பாருங்கள். மாவட்ட நலவாழ்வுச் சங்கம்.

ஆமாம், சங்கம். சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் முறையாகப் பதிவான சங்கம். தலைவர் மாவட்ட ஆட்சியர். பெரிய அதிகாரிகளெல்லாம் உறுப்பினர்கள். கூட்டம் போடுகிறார்கள், தீர்மானம் நிறைவேற்றுகிறார்கள், ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுக்காமல் ஒற்றுமையாக இருக்கிறார்கள். எய்ட்ஸ் பிரிவுக்குப் போனால் அங்கே வேறொரு சங்கம்: 1994-ல் தொடங்கிய தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம். தேசிய ஊரக நலவாழ்வு இயக்கம் 2005-ல் வந்தபோது டில்லிப் பணம் கருவூலத்தில் மாட்டாமல் வேகமாக ஊர்போய்ச் சேர இந்த ஏற்பாடு உதவும் என்றார்கள். பணம் வேகமாகப் போகிறதா என்று அந்தப் பெண்ணின் பாஸ்புக்கைக் கேட்டால் தெரியும். ஆனால் ஒரு வசதி நன்றாகவே கைகூடியது. சங்கத்தில் இருப்பது அரசுப் பணியிடம் ஆகாது. அரசுப் பணியிடம் இல்லாவிட்டால் காலமுறை ஊதியம் வேண்டாம், பென்ஷன் வேண்டாம், பதவி உயர்வு வேண்டாம். சங்கம் வைப்பதால் எவ்வளவு லாபம் என்று இந்த நாட்டில் முழுசாகப் புரிந்துவைத்திருப்பவர்கள் முதலாளிகளாக உட்கார்ந்திருக்கும் நம் அதிகாரிகள்தான். அதனால்தான் அந்தப் பாக்கியம் வேலை செய்பவர்களுக்கும் கிடைத்துவிடக் கூடாது என்பதில் கண்ணாக இருக்கிறார்கள்.

வேலையில் சேர்ந்த கதையை அந்தப் பெண் சொன்னபோது பழைய ஃபைலிலிருந்து ஒரு தாளைக் காட்டினார். மேலே கொட்டை எழுத்தில் "சுய விருப்ப ஒப்புதல் கடிதம்". விளம்பரத்திலேயே போட்டுவிடுகிறார்கள்: பதவி முற்றிலும் தற்காலிகமானது, எந்தக் காலத்திலும் நிரந்தரம் செய்யப்படாது, இதற்குச் சம்மதம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் சேரலாம். சுய விருப்பம்! கழுத்தில் கத்தி வைத்தவனிடம் பர்சைக் கொடுப்பதும் சுய விருப்பம்தான். நீல மையில் அழகான கையெழுத்து. கடைசி வரியில் மட்டும் பேனா கொஞ்சம் அழுந்தியிருந்தது. எந்தக் காலத்திலும் என்ற இடத்தில்.

"இதைப் படிச்சா உங்களுக்கு என்ன தோணுது மாமா?" என்றார்.

"கொத்தடிமைப் பத்திரம்" என்றேன்.

"எனக்கு வேற தோணிச்சு. 'எதிர்காலத்தைப் பத்தி எனக்கு எந்த எதிர்பார்ப்பும் இல்ல, யார்கிட்டயும் எதுவும் கேக்கமாட்டேன், இது என் சொந்த முடிவு.' இப்படி ஒரு பேஷண்ட் எழுதிட்டு வந்தா நான் தனியா வீட்டுக்கு அனுப்பமாட்டேன். கூட யாரு வந்திருக்கான்னு கேப்பேன். அன்னிக்கே டாக்டர்கிட்ட அனுப்புவேன்."

ஆரோன் பெக் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1974-ல் மனிதனின் நம்பிக்கையின்மையை அளக்க ஓர் அளவுகோல் செய்தார். அதற்கு இருபது வாக்கியங்கள் தேவைப்பட்டன அவருக்கு. நம் ஆட்கள் ஒரே பக்கத்தில் முடித்துவிட்டார்கள். நம்பிக்கை போய்விட்டது என்று எழுதி வாங்கிக்கொண்டு, அடுத்த நாள் காலை ஒன்பது மணிக்கு நம்பிக்கை கொடுக்கும் நாற்காலியில் உட்கார வைக்கிறார்கள். நான் உவமை சொல்லவில்லை. எய்ட்ஸ் ஆலோசகர் உட்காரும் அறையின் கதவில் அரசாங்கமே பெயிண்ட் அடித்து வைத்திருக்கும் பெயர் "நம்பிக்கை மையம்". அந்தக் கதவுக்குப் பின்னால் இருபது வருஷம் தொகுப்பூதியத்தில் உட்கார்ந்து தலை நரைத்தவர்கள் இருக்கிறார்கள். உள்ளே வருபவர்களிடம் "வாழ்க்கை இன்னும் முடியலைம்மா" என்று சொல்வது அவர்களுக்கு உத்தியோகம்.

ஒருமுறை அந்தப் பெண்ணின் அறைக்குப் போயிருந்தேன். என் மைத்துனரின் மகன் தூக்கமில்லாமல் தவித்தான், கூட்டிப் போனேன். எட்டுக்குப் பத்து அறை. சுவரோரம் ஊசிப் பெட்டிகள் கூரை வரை. மூலையில் மருந்து வைக்கும் ஃப்ரிட்ஜ். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை உறுமி அடங்கும். கதவைச் சாத்த முடியாது, ஏனென்றால் மருந்தாளுநர் பெட்டி எடுக்க வருவார். பையன் ஒரு வார்த்தை பேசுவான், பெட்டி எடுக்க ஆள் வரும், பையன் நிறுத்துவான், ஃப்ரிட்ஜ் உறுமும். 2017-ன் மனநலப் பராமரிப்புச் சட்டம் இருக்கிறதே, அதில் 18-வது பிரிவு எல்லோருக்கும் மனநலச் சிகிச்சை பெறும் உரிமை தருகிறது, 23-வது பிரிவு ரகசியம் காக்கப்படும் உரிமை தருகிறது. உலகத்தில் நல்ல சட்டம் எழுதுவதில் நமக்கு இணை நாம்தான். பாராசிட்டமால் அட்டைப்பெட்டிக்கும் ரகசியம் காக்கத் தெரியும் என்று நம்பி எழுதியிருப்பார்கள் போலிருக்கிறது.

பையனை அனுப்பிவிட்டு ஒரு நோட்டை எடுத்தார். வரிசை எண், ஆண்/பெண், வயது, புதியவர்/பழையவர். ஒன்றே கால் மணி நேரம் அழுத பையன் அந்த நோட்டில் "1". மாதக் கடைசியில் இந்த ஒன்றுகளைக் கூட்டி மேலே அனுப்ப வேண்டும். குறைந்தால் "ஏம்மா டார்கெட் குறையுது?" என்று போன் வருமாம். ஊரில் துக்கம் குறைந்திருக்கலாம் என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தாராம். அடுத்த மாத ஆய்வுக் கூட்டத்தில் நிற்க வைத்துவிட்டார்கள்.

துக்கம் குறையவில்லை என்பதற்கு அரசாங்கத்திடமே கணக்கு இருக்கிறது. 2022-ல் தமிழ்நாட்டில் தற்கொலை செய்துகொண்டவர்கள் 19,834 பேர். தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் எண். மகாராஷ்டிரத்துக்கு அடுத்து நாம்தான். நிம்ஹான்ஸ் நடத்திய 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பு, வயது வந்தவர்களில் நூற்றுக்குப் பத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு ஏதோ ஒரு மனநலக் கோளாறு இருக்கிறது என்றது. நாட்டில் லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை, முக்கால் மருத்துவர். கால் குறைந்த அந்த இடத்தை நிரப்பத்தான் நம் பதினோரு மாதப் பெண்.

இந்தப் பதவிகள் எப்போதெல்லாம் முளைக்கின்றன என்று கவனித்திருக்கிறீர்களா? 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில், சங்கிலியில் பிணைத்து வைத்திருந்த 28 பேர் கொட்டகைத் தீயில் கருகினார்கள். அதற்குப் பிறகுதான் மனநலம் என்ற சொல் கோட்டையின் காதில் விழுந்தது. திட்டம் என்னவோ 1982-லேயே இருந்தது, 1996-ல் மாவட்டத்துக்கு என்று இறங்கி, தமிழ்நாட்டில் திருச்சியில் தொடங்கவும் செய்தார்கள். காகிதம் எரியாது, மனிதர்கள் எரிந்தால்தான் காகிதம் நகரும். 2004-ல் சுனாமி. இந்தக் கரையோரக் குப்பங்களில் அரிசி மூட்டைக்கு அடுத்ததாக வந்து இறங்கியது கவுன்சிலிங். 2012-ல் சென்னை வகுப்பறையில் மாணவன் ஆசிரியையைக் குத்தினான். மறு வருஷம் மாநிலம் முழுமைக்கும் பத்து வண்டிகளில் நடமாடும் ஆலோசனை மையம். பத்து! ஒரு பெரிய துணிக்கடைகூட ஆடித் தள்ளுபடிக்கு அதைவிட அதிக வண்டி விடும். 2022-ல் கள்ளக்குறிச்சிப் பக்கம் கனியாமூரில் மாணவி இறந்து ஊர் பற்றி எரிந்தது. பள்ளிகளில் "மாணவர் மனசு" என்று ஒரு பெட்டி மாட்டினார்கள். சாவு விழ வேண்டும், திட்டம் எழ வேண்டும், சாவு மறக்க வேண்டும், சம்பளம் நிற்க வேண்டும்.

2023 மே மாதம் எங்களிடமே வந்தது. மரக்காணம் எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த சரக்கு. இந்தப் பக்கம் 14 பேர் போனார்கள். முதலமைச்சர் முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்கு வந்தார். குடும்பத்துக்குப் பத்து லட்சம் அறிவித்தார். குடிநோய் பற்றி விழிப்புணர்வு, ஆலோசனை என்று வழக்கமான அறிக்கைகள் பறந்தன.

குடியிலிருந்து மீட்க வேண்டியது ஆலோசகர் வேலை. குடியை விற்பது டாஸ்மாக் வேலை. 2003 நவம்பர் 29 முதல் சில்லறை விற்பனையை அரசே எடுத்துக்கொண்டது. அன்று தொகுப்பூதியத்தில் சேர்த்த மேற்பார்வையாளர்களும் விற்பனையாளர்களும் இன்றும் நிரந்தரம் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் படும்பாடு எனக்குத் தெரியும். கேலி செய்ய மாட்டேன். ஆனால் அவர்களுக்கு சி.ஐ.டி.யூ. இருக்கிறது, ஏ.ஐ.டி.யூ.சி. இருக்கிறது, தொ.மு.ச. இருக்கிறது. மானியக் கோரிக்கை நாளில் அவர்களைப் பற்றி அமைச்சர் பேசியே ஆகவேண்டும். பாட்டிலை நீட்டுகிறவரின் கைக்குப் பின்னால் நாலு கொடி நிற்கிறது. அந்தப் பாட்டிலைக் கீழே வைக்கச் சொல்கிறவரின் பின்னால் மருந்து ஃப்ரிட்ஜ் நிற்கிறது.

உப்பளத்துக்கு வருவோம். மரக்காணம் பாத்திகளில் கால் வெடித்து நிற்கிற தொழிலாளிக்கு ஐப்பசி, கார்த்திகையில் வேலை இல்லை. மழைக்கால நிவாரணமாகக் குடும்பத்துக்கு ஐயாயிரம் ரூபாய் தருகிறது அரசு. அதுவும் கேட்டுக் கேட்டு வாங்கியதுதான். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் கொட்டியபோது உப்பளமெல்லாம் ஏரியானது. உப்பளத் தொழிலாளிக்கு மழைக்காலம் என்று ஒன்று இருக்கிறது என்பதையாவது அரசு ஒப்புக்கொள்கிறது. ஆலோசகருக்கும் ஒரு மழைக்காலம் உண்டு. ஒரே ஒரு நாள். பதினோரு மாதம் முடிந்ததும் ஒருநாள் வேலையிலிருந்து நீக்கி, மறுநாள் புதிதாகச் சேர்த்துக்கொள்வார்கள். "பிரேக்" என்பது அதற்குப் பெயர். தொடர்ந்து வேலை பார்த்தேன் என்று நாளை எந்தக் கோர்ட்டிலும் சொல்லிவிடக் கூடாதல்லவா? பத்து வருஷம் வேலை பார்த்தவர் பத்து முறை செத்துப் பிறந்திருப்பார். மறுபிறவியில் நம்பிக்கை இல்லாத கட்சிகள் ஆண்ட மாநிலம் இது.

சரி, சங்கம் வைக்கக் கூடாது என்று எங்காவது சட்டம் சொல்கிறதா? எங்கேயும் இல்லை. அரசியல் சாசனத்தின் 19-வது பிரிவு சங்கம் அமைக்கும் உரிமையைப் பளிச்சென்று கொடுத்திருக்கிறது. சட்டம் தடுக்காது, ரெனியூவல் தடுக்கும். மனுவில் முதல் கையெழுத்துப் போட்டவரின் பெயர் அடுத்த ஏப்ரலில் பட்டியலில் இருக்காது. காரணம் கேட்டால் "செயல்திறன்" என்பார்கள். ஒன்றுகள் குறைந்துவிட்டனவாம்.

அதையும் மீறி வழக்குக்குப் போனால் வௌவால் கதை. பறவைகள் வரி கேட்டால் நான் விலங்கு, விலங்குகள் வரி கேட்டால் நான் பறவை. இங்கே கதையைத் திருப்பிப் போடுங்கள்: வௌவாலுக்கு எங்கேயும் கூடு கிடையாது, இரண்டு பக்கமும் வரி உண்டு. அகவிலைப்படி கேட்டால் "நீங்கள் அரசு ஊழியர் அல்ல, சங்கத்தின் ஒப்பந்தப் பணியாளர்." முகாமுக்கு ஞாயிற்றுக்கிழமை வரமாட்டேன் என்றால் "அரசுப் பணியை மறுக்கிறீர்களா?" தொழிலாளி என்று சொல்லிப் பார்ப்போமா? 1988-ல் சுந்தராம்பாள் என்ற கோவா ஆசிரியை வழக்கில் உச்ச நீதிமன்றம், கல்வி கற்பிப்பது தொழில் தகராறு சட்டம் சொல்லும் உடலுழைப்பு, திறன், தொழில்நுட்பம், எழுத்துவேலை எதிலும் அடங்காது, ஆகவே ஆசிரியர் தொழிலாளி அல்ல என்றது. பாடம் நடத்துவதே வேலை இல்லையென்றால், எதிரில் உட்கார்ந்து கேட்பது வேலையா? காதுக்கு உழைப்பு உண்டா? ஒருநாள் அந்த நாற்காலியில் கனம் கோர்ட்டார் அவர்கள் உட்கார்ந்து, தூக்குப் போட்டுக்கொண்ட மகனின் தாய் பேசுவதை மத்தியானம் வரை கேட்டுவிட்டு, பிறகு தீர்ப்பு எழுதட்டும்.

அரசு ஊழியர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். 2003-ல் வேலைநிறுத்தம் செய்தார்கள் என்று ஒரே மூச்சில் சுமார் 1,70,000 பேரை வீட்டுக்கு அனுப்பியது இதே மாநிலம். அதை எதிர்த்த வழக்கில், அரசு ஊழியருக்கு வேலைநிறுத்த உரிமை என்று ஒன்று கிடையாது என்று உச்ச நீதிமன்றம் சொன்ன தேதி 2003 ஆகஸ்ட் 6. ஏர்வாடி எரிந்து சரியாக இரண்டு வருஷம். சங்கிலிக்கும் நாள் நட்சத்திரம் பார்ப்பார்கள் போலும்.

2006-ல் உமாதேவி வழக்கு. தற்காலிகமாகச் சேர்ந்தவர் நிரந்தரத்தை உரிமையாகக் கேட்க முடியாது என்ற தீர்ப்பு. கொல்லைப்புற நியமனத்தைத் தடுக்க எழுதிய அதை, வாசல் வழியாக வந்தவர்களையும் கொல்லையிலேயே நிறுத்தி வைக்கப் பயன்படுத்தினார்கள். இந்தத் தீர்ப்பைத் துஷ்பிரயோகம் செய்கிறீர்கள் என்று உச்ச நீதிமன்றமே 2024 டிசம்பரில் கடிந்துகொண்டது. நம் அலுவலகங்களில் 2006-ன் தீர்ப்பு கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறது; 2024-ன் தீர்ப்பு இன்னும் தபாலில் வந்துகொண்டிருக்கிறது. தபாலைக் குறை சொல்லாதீர்கள், நான் அந்த வீட்டுக்காரன்.

இப்போது புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்துவிட்டன. பாதிப் பேர் ஒரே நாளில் சேர்ந்து தற்செயல் விடுப்பு எடுத்தால் அதுவும் வேலைநிறுத்தம் என்கிறது புதுச் சட்டம். எங்கள் பெண்ணின் ஆஸ்பத்திரியில் ஆலோசகர் பதவி மொத்தம் ஒன்று. அவருக்குக் காய்ச்சல் வந்தால் நூற்றுக்கு நூறு வேலைநிறுத்தம்!

இவ்வளவும் அரசைத் திட்டியது. இனி ஆலோசகர்களைத் திட்ட வேண்டும்; அவர்கள் வாங்கிக்கொள்ள வேண்டும்.

அந்தப் பெண் ஒருநாள் எட்டுப் பேரைக் கூட்டினார், புதுச்சேரி பீச்சில் காந்தி சிலைக்குப் பின்னால். ஆஸ்பத்திரியில் கூடினால் தெரிந்துவிடும் என்று அவ்வளவு தூரம். நானும் பழைய சங்கக்காரன் என்ற தகுதியில் சுண்டலோடு போயிருந்தேன். எட்டில் ஒருவர் எம்.ஃபில். க்ளினிக்கல்; புனர்வாழ்வுக் கவுன்சிலில் பதிவு எண் வைத்திருப்பவர். அவர் தள்ளித்தான் உட்கார்ந்தார். எம்.எஸ்சி. படித்தவர்களோடு தன்னை ஒரே பட்டியலில் போடக் கூடாதாம். எம்.எஸ்சி.காரர்களுக்கோ சமூகப்பணி படித்தவர்களை ஆலோசகர் என்று சொல்வதே பிடிக்கவில்லை. சமூகப்பணிக்காரர், ஒரு மாத ஆன்லைன் சான்றிதழ் வாங்கியவரை முறைத்தார். மனு எழுதலாம் என்றதும் எல்லோரும் சரி என்றார்கள். "சங்கம்" என்ற சொல்லை நான் எடுத்ததும் கடல் காற்று நின்றது.

"சங்கம்னா... கொடி பிடிக்கிறதா சார்? நாங்க புரொஃபஷனல்ஸ்."

மூட்டை தூக்குகிறவனுக்குச் சங்கம். மூளை தூக்குகிறவனுக்கு அசோசியேஷன்! 1968 முதல் இந்திய மருத்துவ உளவியலாளர் சங்கம் இருக்கிறது. அறிவுத்துறைக்கு அது செய்கிற வேலையை நான் மதிக்கிறேன். மாநாடு, கட்டுரை, பதக்கம் எல்லாம் தேவைதான். ஆனால் மூன்று மாதச் சம்பளப் பாக்கிக்கு மாநாட்டுப் பையைக் காட்டி அரிசி வாங்க முடியாது. எங்கள் கோட்டக்குப்பம் பிரியாணிக் கடையில் பரோட்டா மாஸ்டர் ஒருவர் இருக்கிறார். இரண்டு நாள் கூலி நின்றால் மாவைத் தொடமாட்டார். உதவிப் பையன்களையும் தொட விடமாட்டார். அவர் எங்கேயும் உளவியல் படிக்கவில்லை. மற்றவர்களிடம் "உங்க உரிமையை நீங்க உறுதியா, மரியாதையா கேக்கணும்" என்று மாதம் நூறு பேருக்குப் பயிற்சி கொடுக்கிற இந்த எட்டுப் பேரும், தங்கள் பெயரை ஒரு வெள்ளைத்தாளில் எழுதப் பயந்து, தாளை எட்டாக மடித்துச் சுண்டல் கட்டிக்கொண்டார்கள்.

அமெரிக்காவில் கைசர் பெர்மனென்டே என்ற பெரிய ஆஸ்பத்திரி நிறுவனம் இருக்கிறது. 2022 ஆகஸ்டில் வடக்குக் கலிபோர்னியாவில் அதன் உளவியலாளர்களும் ஆலோசகர்களும் சுமார் 2,000 பேர் வெளியே வந்தார்கள். பத்து வாரம் உள்ளே போகவில்லை. அவர்கள் கையிலிருந்த அட்டையில் இருந்தது சம்பளம் மட்டுமில்லை. தற்கொலை எண்ணத்தோடு வருகிறவரை வாரக்கணக்கில் காத்திருக்க வைக்கிறீர்கள், ஆள் போடுங்கள் என்பது முக்கியமான கோரிக்கை. 2024 அக்டோபரில் தெற்குக் கலிபோர்னியாவில் தொடங்கிய வேலைநிறுத்தம் ஆறு மாதத்தைத் தாண்டியும் ஓடியது. பிரிட்டனில் பள்ளிகளுக்குப் போகும் கல்வி உளவியலாளர்களுக்கென்று தனியாகவே ஒரு தொழிற்சங்கம் உண்டு. டாலரிலும் பவுண்டிலும் சம்பளம் வாங்குகிறவர்களின் புரொஃபஷனல் மானம் கொடி பிடித்ததால் கரைந்துபோகவில்லை. தொகுப்பூதியத்தில் இருப்பவர்களின் மானம்தான் வெயில் பட்டால் கரைகிற உப்பாக இருக்கிறது. உப்புகூட வெயிலில் கரையாது, விளையும். மரக்காணம் பக்கத்துக்காரன் இந்தத் தப்பைச் செய்யலாமா? விடுங்கள்.

நாங்கள் உட்கார்ந்திருந்த அதே புதுச்சேரியில்தான் சவானா மில் இருந்தது. 1936 ஜூலை 30 அன்று பிரெஞ்சுக்காரன் சுட்டதில் 12 தொழிலாளர்கள் அங்கே செத்தார்கள். வ. சுப்பையா தலைமையில் அவர்கள் கேட்டது சங்கம் வைக்கும் உரிமையும் எட்டு மணி நேர வேலையும். 1937-ல் எட்டு மணி நேரம் சட்டமானது. மில்கள் மூடிவிட்டன, ஜூலை 30-ல் மாலை மட்டும் விழுகிறது. அந்தப் பன்னிரண்டு பேரும் பிரெஞ்சுக்காரனிடம் சுய விருப்ப ஒப்புதல் கடிதம் கொடுத்திருந்தால் பேரன் பேத்தி எடுத்திருப்பார்கள்.

சென்னை இன்னும் விசேஷம். 1918 ஏப்ரல் 27-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்ததே, அதன் விதை மேடைப் பேச்சு இல்லை. பெரம்பூர்ப் பக்கம் ஒரு பக்தி சபை. மில் வேலை முடிந்து புராணம் கேட்க வந்தவர்கள், நடுவில் தங்கள் குறையைச் சொல்ல ஆரம்பித்தார்கள். சாப்பிட அரை மணி நேரம்கூடச் சரியாகக் கிடைப்பதில்லை, பிந்தினால் கதவைச் சாத்துகிறான். சபையை நடத்திய செல்வபதி செட்டியாரும் ராமானுஜுலு நாயுடுவும் காது கொடுத்துக் கேட்டார்கள். பிறகு வாடியா என்ற தலைவரைக் கூட்டிவந்தார்கள். திரு.வி.க. சேர்ந்தார். கவனியுங்கள்: வட்டமாக உட்கார்ந்து ஒருவர் பேச மற்றவர் கேட்டது. இதைத்தான் எங்கள் எட்டுப் பேரும் "குரூப் தெரபி" என்று பாடத்தில் படித்து, நூறு மதிப்பெண்ணுக்குப் பரீட்சை எழுதி வந்திருக்கிறார்கள். பாட்டி வைத்தியம் மறந்துபோய் அதையே மாத்திரையாக வாங்குவது மாதிரி.

பதிவுக்குப் போனால் என்ன பெயர் வைப்பது என்று அன்று ஒருவர் கேட்டார். எழுதிப் பார்த்தோம். "மாவட்ட நலவாழ்வுச் சங்க ஊழியர்கள் சங்கம்". சங்கத்துக்குள் சங்கம். ஸ்ரீபெரும்புதூரில் சாம்சங் தொழிலாளர்கள் தங்கள் சங்கத்தின் பெயரில் "சாம்சங்" என்று போட்டதற்கே எத்தனை மாத இழுபறி! 2024 செப்டம்பரில் தெருவில் உட்கார்ந்தவர்களுக்கு 2025 ஜனவரியில்தான் பதிவு எண் கிடைத்தது. அதுவும் உயர் நீதிமன்றம்வரை போய். அங்கே முதலாளி கொரியாக்காரன். இங்கே முதலாளி கலெக்டர். பதிவாளர் யார் பக்கம் பார்ப்பார் என்று சொல்ல உளவியல் தெரிய வேண்டியதில்லை.

தெருவில் உட்கார்ந்தால் மட்டும்? 2017 நவம்பரில் தொகுப்பூதியச் செவிலியர்கள் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் ஆயிரக்கணக்கில் உட்கார்ந்தார்கள். அவர்களுக்குத் தலை எண்ணிக்கை இருந்தது. எங்கள் எட்டுப் பேர் உட்கார்ந்தால் பஸ் ஸ்டாப் என்று நினைத்துக்கொள்வார்கள். அப்படியும் உட்கார்ந்தால் போலீஸ் வேன் வரும். இறங்குகிற காவலரிடம் எங்கள் பெண் போன மாதம்தான் பேசியிருப்பார். காவலர்களின் மன அழுத்தம் போக்க "நிறைவாழ்வு" என்று பயிற்சி நடத்துகிறதே அரசு, அதற்கு ஆலோசகர் வேண்டுமே. சங்கம் வைக்க முடியாத காவலருக்கு, சங்கம் வைக்க முடியாத ஆலோசகர், வாய்விட்டுப் பேசினால் பாரம் குறையும் என்று சொல்லிக்கொடுப்பார். அடுத்த மாதம் அதே காவலர் "ஏறுங்க மேடம், ப்ளீஸ்" என்று வேனில் ஏற்றுவார். கல்யாண மண்டபத்தில் சாயங்காலம் ஆறு மணிவரை வைத்திருப்பார்கள்; மத்தியானம் தக்காளி சாதம். வாடகை இல்லை, ஃபேன் உண்டு, ஊர் ஊராக வந்தவர்கள் ஒரே இடத்தில். தமிழ்நாட்டில் ஒப்பந்த ஊழியர்கள் பயமில்லாமல் பொதுக்குழு கூட்டக் கிடைக்கும் ஒரே இடம் அதுதான்.

காந்தி சிலைக் கூட்டம் முடிந்து பத்து நாளில் ஒரு சுற்றறிக்கை வந்ததாம். ஊழியர்களிடையே அதிருப்தி நிலவுவதாகத் தெரிகிறது. ஆகவே எல்லா ஆலோசகர்களுக்கும் ஒருநாள் மன அழுத்த மேலாண்மைப் பயிற்சி. மூச்சை உள்ளே இழுங்கள், நாலு எண்ணுங்கள், மெதுவாக விடுங்கள். நடத்தியவர் யார்? எட்டில் ஒருவர். பயணப்படி கேட்டதற்கு, நிதி வந்ததும் தருவதாகச் சொன்னார்களாம். அவரும் மூச்சை இழுத்து நாலு எண்ணியிருக்கிறார்.

போன வாரம் அந்தப் பெண் பகல் பதினொரு மணிக்கு வீட்டு வாசலில் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். ஆச்சரியமாக இருந்தது. "லீவாம்மா?"

"இல்ல மாமா, இன்னிக்கு எனக்கு பிரேக். இன்னிக்கு ஒருநாள் நான் வேலையில இல்ல. நாளைக்குப் புதுசா சேரணும்."

போன் அடித்தது. மடியிலிருந்து எடுத்து ஸ்பீக்கரில் போட்டுவிட்டு நறுக்குவதைத் தொடர்ந்தார். ஆபீசிலிருந்து.

"மாசாந்திர ரிப்போர்ட் இன்னும் வரலியேம்மா."

"சார், இன்னிக்கு எனக்கு பிரேக் போட்டிருக்கீங்க. ரெக்கார்டுபடி இன்னிக்கு நான் யாருமே இல்ல."

அந்தப் பக்கம் பேப்பர் புரட்டும் சத்தம் கேட்டது.

"அது தெரியும்மா. ஆர்டர் என் டேபிள்லதான் இருக்கு. நீங்க ஃபார்மட்டை மட்டும் அனுப்பிடுங்க, மூணு மணிக்கு மீட்டிங். நம்ம சங்கம் கூடுது."